இரும்பு குடித்த காற்று

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு கண்ணாடி டம்ளருக்குள் அது தானாக ஏறி வந்தது.

[‘தானாக ஏறி வந்தது’ கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் நடந்தது அப்படித்தான். இருக்கட்டும்.]

நான் ஒரு வார இதழில் அறிவியல் பக்கம் எழுதுகிறவள். ஆக்சிஜனேற்றம் பற்றி ஒரு பக்கம் வேண்டும், வீட்டுப் பொருட்களில் எதெதற்கு அது சீக்கிரம் வரும் என்று எளிமையாகச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். எதையும் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவது என் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது, மரச்சாமான் தேய்க்கிற இரும்புப் பஞ்சைக் கையோடு எடுத்துப் போனேன். தலைமுடி போல மெல்லிய இரும்பு இழைகள். அதை வினிகரில் நனைத்துப் பிழிந்து, டம்ளரின் அடியில் திணித்து, தண்ணீர் ஊற்றிய தட்டில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் வைத்தது. மாலை காபிக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது, தட்டிலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. யாரும் ஊற்றவில்லை. யாரும் உறிஞ்சவில்லை.

“காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன்,” என்றேன், பள்ளிக்கூட டீச்சர் தோரணையில். “அதை இரும்பு எடுத்துக்கிச்சு. காலியான இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு.”

தம்பி கன்னத்தை மேசையில் வைத்து டம்ளரையே பார்த்தான். “அக்கா, மேல மிச்சம் இருக்குல்ல, அந்த இடம். அதுக்குள்ள ஒரு ஈயை விட்டா?”

“செத்துடும்.”

“அப்போ நான் ஏன் சாகல?”

அண்ணன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அண்ணி டம்ளரையும் தட்டையும் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார். குழாயைத் திறந்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “உன் ஆராய்ச்சியெல்லாம் உன் வீட்டோட வச்சுக்கோம்மா.”

2

ஆசிரியருக்கு நான் எழுதத் தொடங்கிய கட்டுரை இது. கிழித்துப்போட மனம் வரவில்லை.

‘நறுக்கிய ஆப்பிள் பழுப்பாகிறது. திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது. செய்தித்தாள் மஞ்சளாகிறது. பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் இழுபடாமல் ஒடிகிறது. செம்புப் பாத்திரம் மங்கிப் பச்சை கட்டுகிறது. அலுமினியம் மட்டும் கெட்டிக்காரன்: காற்றுப் பட்ட கணமே மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்திக்கொண்டு, அதற்குமேல் காற்றை உள்ளே விடாது. இரும்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதன் துரு பொருக்குப் பொருக்காக உதிரும்; உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கு முகம் காட்டும். ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் துரு பொறுமைசாலி. அடுப்பில் நெருப்பு ஒரு மணி நேரத்தில் செய்வதை அது பல வருடம் எடுத்துக்கொண்டு செய்கிறது. நெருப்பைப் போல அது யாரையும்...’

* வெள்ளியைப் பற்றி வாசகர்கள் கட்டாயம் கேட்பார்கள். வெள்ளி கறுப்பதற்கு முக்கியமாகக் காற்றிலுள்ள கந்தகம்தான் காரணம். அது வேறு கதை.

‘யாரையும்’ என்ற சொல்லோடு நின்றுபோனேன். தம்பி கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது.

3

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன், நான், தம்பி. படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் அண்ணன் வெல்டர், தம்பி பெயிண்டர். அண்ணியும் அங்கேதான்; பெயிண்ட் இரும்பில் சரியாகப் பிடித்திருக்கிறதா, இரும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்லும் இன்ஸ்பெக்டர். சில வருடங்களுக்கு முன், நான் வெளியூரில் வேலை பார்த்தபோது, “சின்னவன் டேங்க்ல கால் வழுக்கி விழுந்துட்டான், இப்ப பரவாயில்ல” என்று அண்ணன் போனில் சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு அதன் பிறகு அவ்வப்போது சொற்கள் தவறும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “அந்த... இது எங்கே?” என்பான். நாங்கள் சிரிப்போம், அவனும் சிரிப்பான். தலையில் அடிபட்டதால் என்று நினைத்திருந்தேன்.

டம்ளரைக் கொட்டிய மறுநாள், மதிய இடைவேளையில் அண்ணியைப் பார்க்க யார்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் மன்னிப்பைக் காதில் வாங்கவில்லை. “உட்காரு, சொல்றேன்,” என்றார். “இவ்ளோ நாள் உன்கிட்ட பொய் சொல்லிக்கிட்டிருந்தோம்.”

அவர் சொன்னதைக் கதையாக்க மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘அந்த இரும்பு அறை பசியோடு காத்திருந்தது.’ [இல்லை. இரும்புக்குப் பசி கிடையாது. அதுதான் இதில் பயங்கரமே.]

இரண்டாவது: ‘தன் கணவன் தன்னை இப்படி அடிப்பான் என்று அவள் ஒருநாளும்’ [இல்லை. அண்ணன் இதைப் படிப்பார். தவிர, கதை அடியைப் பற்றியது அல்ல.]

மூன்றாவது: ‘மூடியைக் கழற்றியபோது எந்த நாற்றமும் வரவில்லை.’ இது பரவாயில்லை. இங்கிருந்தே போகிறேன்.

4

மூடியைக் கழற்றியபோது எந்த நாற்றமும் வரவில்லை.

அது ஒரு சரக்குப் படகு. தானாக ஓடாது, இன்னொரு படகு இழுத்துப் போகவேண்டும். அதன் தட்டையான அடிவயிற்றில் வரிசையாக இரும்பு அறைகள். படகு சாயாமல் நிற்பதற்காக அவற்றில் தண்ணீர் நிரப்புவார்கள், வேண்டாதபோது இறக்குவார்கள். அப்படி ஒரு டேங்கில் தண்ணீரை இறக்கிவிட்டு, மூடியைப் போட்டு போல்ட்டை முடுக்கியவர்கள், அதை அப்படியே மறந்துபோனார்கள். வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. உள்ளே ஈரச் சுவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து மூடியைக் கழற்றினார்கள். முதலில் ஃபேன் வைத்து உள்ளே காற்று ஓட்டவேண்டும். பிறகு அண்ணி ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை இறக்கிப் பார்ப்பார். அவர் சரி சொன்னால்தான் ஆள் இறங்கலாம். ஃபேன் பக்கத்துப் படகில் இருந்தது. எடுத்துவர அண்ணன் போனார். அண்ணி மீட்டரோடு ஷெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். தம்பி மட்டும் டேங்கின் வாயருகே குந்தியிருந்தான்.

[இனி வரும் சில வரிகள் ஊகம். அவனுக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் அவனைத் தூக்கியபோது அவன் உடம்புக்கு அடியில் அவனுடைய போன் கிடந்தது.]

குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி உள்ளே விழுந்திருக்கும். எட்டிப் பார்த்திருப்பான். ஏணிக்கு அடியிலேயே திரை எரிந்துகொண்டிருந்திருக்கும். புகை இல்லை, நாற்றம் இல்லை, தரை வரை பளிச்சென்று தெரிகிறது. ஏணி இருக்கிறது. இறங்கி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

“அவனுக்கு மூச்சே முட்டியிருக்காது,” என்றார் அண்ணி. “அதான் இதுல மோசம். நெஞ்சு நிறைய இழுத்திருப்பான். காத்து வந்த மாதிரிதான் இருந்திருக்கும். ரெண்டு மூணு இழுப்பு. லைட்டை அணைச்ச மாதிரி போயிருப்பான்.”

ஃபேனைத் தூக்கிவந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். ஏணிக்கு அடியில் தம்பி குப்புறக் கிடந்தான். அண்ணன் ஃபேனை அப்படியே போட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

அண்ணி ஓடிவந்து பின்னாலிருந்து அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் தளத்தில் மல்லாந்து விழுந்தார்கள்.

“விடுடி! தம்பிடி அவன்!”

“இறங்காதே! உள்ளே காத்து இல்ல!”

“கண்ணு முன்னாடி கெடக்கான்டி!”

“நீயும் போனா அவன் மேலயே விழுந்து கெடப்பே! அப்புறம் யாரு தூக்குறது ரெண்டு பேரையும்?”

[கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அண்ணனை ‘நீங்க’ என்றுதான் அழைப்பார். சண்டையிலும் ‘நீங்க பேசாதீங்க’தான். அன்றைக்கு மட்டும் ‘நீ’ வந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.]

அண்ணனுடைய கைகள் நாள் முழுக்க இரும்பைப் புரட்டுகிற கைகள். திமிறினார். முழங்கை பட்டு அண்ணியின் உதடு கிழிந்தது. அண்ணி ஒரு காலைக் கைப்பிடிக் கம்பியில் பின்னிக்கொண்டு, பெல்ட்டை விடாமல், பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: “கம்ப்ரஸர் ஹோஸைக் கொண்டாங்க! பெயிண்ட் கன்னைக் கழட்டிட்டு வெறும் ஹோஸ்!”

யாரோ பதற்றத்தில் வெல்டிங் ஆக்சிஜன் குழாயை இழுத்து வந்தார்கள். “அது வேண்டாம்!” என்று அலறினார் அண்ணி. “காத்து! சாதாரணக் காத்து!”

* அவர் சொன்னது சரி. மூடிய இடத்தில் வெறும் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால், எண்ணெய் படிந்த ஒரு சட்டை போதும், ஒரு சின்னப் பொறி போதும். உடம்போடு பற்றிக்கொள்ளும். குறைந்தாலும் சாவு, கூடினாலும் சாவு. நாம் வாழ்கிற இடைவெளி எவ்வளவு ஒடுக்கமானது என்று இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பெயிண்டர்கள் காற்றுக் குழாயைக் கயிற்றோடு கட்டி, தம்பியின் தலைப்பக்கமாக இறக்கித் திறந்துவிட்டார்கள். காற்று சீறிப் பாய்ந்தது. தரையிலும் சுவரிலும் இருந்த துருத்தூள் கிளம்பி, வாய் வழியாகச் செக்கச்செவேலென்று மேலே எழுந்தது. கீழே எதுவும் தெரியவில்லை. எல்லோர் முகமும் சிவந்துபோயிற்று. அண்ணன் திமிறுவதை நிறுத்திவிட்டார். அந்தச் சிவப்பைப் பார்த்துத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தூளுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

பிறகு தீயணைப்பு ஆட்கள் முதுகில் சிலிண்டரும் முகத்தில் மூடியுமாக இறங்கி, அவனைப் பட்டையில் கட்டி மேலே ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தான். திறந்தபோது அண்ணனைப் பார்த்து முதலில் கேட்டது: “அண்ணே, என்... இது எங்கே?” போனைத்தான் கேட்டான். அந்தச் சொல் வரவில்லை.

5

கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. டேங்கின் உள்ளே என்ன இருந்தது என்று எழுத எனக்கு ஆள் இல்லை. தம்பிக்கு நினைவில்லை. “நீதானே எழுத்தாளர்? நான் உள்ளே இருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு நீயே எழுதிக் குடு, நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிறேன்,” என்கிறான்.

அதனால் நானே இறங்கிப் பார்த்தேன். அதே படகு இல்லை, அதே மாதிரி ஒன்று. ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அண்ணி மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் அவர் இறங்கினார். மேலே, டேங்கின் வாயருகே ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு சின்ன அறை. டார்ச் வெளிச்சத்தில் சுவர்கள் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சுமாக அடுக்கடுக்காக எழும்பியிருந்தன. கை வைத்தால் பொருக்கு பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அந்தக் கனத்தில் ஒரு பங்கு காற்றுடையது. ஒரு காலத்தில் எங்கேயோ வீசித் திரிந்த காற்று இங்கே கல்லாகிக் கிடக்கிறது. இந்த அறையில் யாருமே இருந்ததில்லை. ஆனாலும் இருட்டில், சத்தமில்லாமல், நாலு சுவரும் தரையும் கூரையுமாகச் சேர்ந்து மூச்சை இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இழுத்ததைத் திருப்பி விடவே இல்லை.

“பயமா இருக்கா?” என்றார் அண்ணி.

இல்லை என்றேன். பயம் இல்லை. கோயிலில் நிற்கிற மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன் [அதுவும் சரியில்லை, கோயிலில் நம்மைக் கவனிக்க யாரோ இருப்பதாக நம்புகிறோம்]. கடைசியில், “இவ்ளோ பெருசுன்னு தெரியாது அண்ணி,” என்று மட்டும் சொன்னேன். அறை சின்னதுதான். நான் சொன்னது அறையை அல்ல என்று அவருக்குப் புரிந்தது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி துடிக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார். “இதுக்குள்ளயும் இரும்புதான் ஓடுது. அதுவும் ஆக்சிஜனைத்தான் பிடிக்குது. ஆனா கொண்டுபோய்க் குடுத்துட்டு மறுபடி வருது பாரு. இந்தச் சுவருக்கு அது தெரியல.”

நான் பத்து வருடமாக அறிவியல் எழுதுகிறேன். ரத்தத்தில் இரும்பு இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, இன்னொருவர் விரலுக்குக் கீழே என் நாடி அடிப்பதை உணர்ந்தபோதுதான் அது செய்தியாக இல்லாமல் போயிற்று. நான் நிற்கிறேன், மூச்சு விடுகிறேன், பிடித்ததை ஒவ்வொரு கணமும் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஏதோ ஒன்று என்னை நிற்கவைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டேன்.

6

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். நான் எழுதிய அண்ணியை என்னாலேயே நம்ப முடியவில்லை.

முதல் வடிவத்தில் அவர் எல்லாம் தெரிந்தவராக இருந்தார். நிதானமாகக் கணக்குப் போட்டு, கணவனைத் தடுத்து, குழாயை வரவழைத்து, கொழுந்தனைக் காப்பாற்றுகிறார். அண்ணனும் அப்படித்தான் நம்புகிறார். அவரிடம் தனியாகக் கேட்டேன். சொன்னார்: “ரொம்ப நாள் அவகூட நான் சரியா பேசல. தம்பி சாகட்டும்னு விட்டுட்டாளோன்னு ஒரு எண்ணம். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஹோஸ் வேலை செய்யும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் என்னைப் பிடிச்சா. இல்லேன்னா விட்டிருப்பா. அப்படி நெனச்ச பிறகுதான் எனக்கு மனசு ஆறுச்சு.”

இதை அண்ணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் துடைத்துக்கொண்டிருந்த மீட்டரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றார்.

“என்ன தெரியாது அண்ணி?”

“ஹோஸ் வேலை செய்யுமான்னு. அவன் அசையவே இல்ல. போயிட்டான்னுதான் நெனச்சேன். ஹோஸ் கேட்டது, ஏதாவது செய்யணுமேன்னு கேட்டது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, இவர் இறங்கினா இவரும் வரமாட்டார். இந்த மாதிரி டேங்க்ல முதல்ல விழுந்தவனைவிட, காப்பாத்தப் போய் விழுந்தவங்க அதிகம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவன் வராமலே போயிருந்தாலும் நான் இவரை விட்டிருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிட்டேன். அவ்ளோதான்.”

அதுவரை நான் இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில், பெல்ட் கையிலிருந்து நழுவுகிறது. ஏணிக்கு அடியில் ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேர் கிடக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், ஐந்து வரிக்கு மேல் கை ஓடவில்லை. இன்னொன்றில், தூள் அடங்குகிறது, இருமல் வரவில்லை. அண்ணி செய்தது அப்போதும் சரிதான், ஆனால் அதை ஒப்புக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. அவர் சொல்லி முடித்த பிறகு பார்த்தால், அந்த இரண்டாவது முடிவுக்குள்தான் அவர் இத்தனை வருடமும் தனியாகக் குடியிருந்திருக்கிறார். தம்பி பிழைத்தது அவருக்கு வெளியே நடந்த விஷயம்.

“இதை நான் எழுதினா அண்ணன் படிப்பாரே,” என்றேன்.

“எழுது. படிக்கட்டும். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு, என்னால சொல்ல முடியல.”

7

தம்பியைக் கேட்காமல் எப்படி? அவன் உயிரைப் பற்றிய பேச்சு. அவனிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். ஆறாவது பகுதியை மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமலே படித்து முடித்தேன்.

“இதுக்கா இவ்ளோ... இது பண்றே?” என்றான்.

“எது?”

“அதான்... பில்டப்பு.” சொல் கிடைத்ததில் அவனுக்கே சந்தோஷம். “அண்ணி என்னை விட்டுட்டாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். அங்கே இருந்த பெயிண்டர்ங்க சொன்னாங்க. அவங்க அப்ப என்ன சொல்லி அழுதாங்கன்னும் சொன்னாங்க. அதை மட்டும் நீ எழுதல, ஏன்னா அது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது.”

“என்ன சொன்னாங்க?”

“அண்ணனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழே பார்த்து, ‘என்னை மன்னிச்சுடுப்பா, மன்னிச்சுடுப்பா’ன்னு. என்கிட்ட. நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு.” அவன் சிரிக்க முயன்றான். “அதான் லீவு வந்தா அவங்க வீட்லயே போய்க் கெடக்கேன். நான் இருக்கேன்னு அவங்க பார்த்துக்கிட்டே இருக்கட்டுமேன்னு. எழுதுக்கா. அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார். சொன்னாலும்... சொல்லட்டுமே.”

8

இப்போது நடப்பதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் உள்ளறையில் இருக்கிறார். நீங்கள் இதுவரை படித்த ஏழு பகுதிகளும் அவர் கையில். படுக்கையில் உட்கார்ந்து, தம்பி வாங்கிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெல்டிங் வைத்த இடத்தைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அவர் வேகமாகப் படிக்கிறவர் அல்ல. கதவு சாத்தியிருக்கிறது.

அண்ணி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறிவிட்டது. தாள் திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண் கதவுக்குப் போய்த் திரும்புகிறது. நான் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

[அண்ணன் கோபத்தோடு வெளியே வருகிற ஒரு முடிவை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அழுதுகொண்டு வருகிற ஒன்றையும். இரண்டும் பொய்யாகப் பட்டன. அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.]

தாள் திரும்புகிறது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், இது ஆறாவது பகுதியின் கடைசித் தாளாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. அண்ணி மூச்சை இழுத்தவர் விடவில்லை.

இன்னொரு தாள்.

இப்போது கட்டில் கிரீச்சிடுகிறது. செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு நடந்து வருகிறார். அண்ணி எழுந்து நிற்கிறார். தாழ்ப்பாள் அசைகிறது.

நான் பேனாவை இங்கே மூடுகிறேன். இதற்குமேல் இது என்னுடையது அல்ல. அவர் படித்த ஒவ்வொரு வரியையும் நீங்களும் படித்திருக்கிறீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். கையில் தாள்களோடு, எதிரே நிற்கிற பெண்ணிடம் சொல்லவேண்டிய முதல் சொல்லை நீங்கள்தான் அவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அண்ணி இன்னும் மூச்சு விடவில்லை.